பிள்ளைப் பருவத்தில் போட்ட ஊசி எத்தனை ஆண்டு காக்கும்?

பதினெட்டு, இருபது ஆண்டுகளுக்கு முன் தாய் மடியில் இருந்தபடி தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தைகள் இன்று கல்லூரி வாசலில் நிற்கிறார்கள். அவர்களுள் மருத்துவப் படிப்பையோ செவிலியர் படிப்பையோ ரத்தப் பரிசோதனைத் தொழிலையோ நாடிச் செல்பவர்களிடம், 'ஹெபடைடிஸ் பி' ஊசி போட்டதற்குச் சான்று கேட்கும் கல்லூரிகள் பல. சான்றோடு நில்லாமல், அந்நோய்க்கு எதிரான பொருள் உடலில் எவ்வளவு இருக்கிறது என்று ரத்தத்தைச் சோதித்துக் கொண்டுவரும்படி சொல்லும் இடங்களும் உண்டு. சோதனைச் சாலையிலிருந்து தாள் வருகிறது. 10-க்குக் குறையாமல் இருக்க வேண்டிய இடத்தில் 3 என்றோ 4 என்றோ அச்சிட்டிருக்கிறது. வீட்டில் கலக்கம் பிறந்துவிடுகிறது. "முறை தவறாமல் எல்லா ஊசியும் போட்டோமே, அத்தனையும் வீண்தானா?" என்று தாய் கேட்கிறாள். "ஊரில் போட்ட ஊசி இங்கே செல்லாதோ?" என்று பாட்டி கேட்பதும் உண்டு.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஊசி வீணாகவில்லை. எண் குறைந்திருப்பதும் பொய்யன்று. இவ்விரண்டும் ஒருங்கே மெய்யாக இருப்பது எங்ஙனம் என்பதை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இங்கே நம் நோக்கம்.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது. 'காமாலை' என்னும் ஒரே சொல்லால் நம் வீடுகளில் பல நோய்களைக் குறிப்பிடுகிறோம். கண்ணும் சிறுநீரும் மஞ்சளாவது நோயின் அடையாளமேயன்றி நோயன்று. கல்லீரலைத் தாக்கும் நுண்கிருமிகளில் ஏ, பி, சி, டி, இ என ஐந்து முக்கிய வகைகள் உண்டு. இவற்றுள் ஏ, இ ஆகிய இரண்டும் அசுத்தமான நீராலும் உணவாலும் பரவுவன. பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தாமே தணிந்துவிடுவன. பி வகையோ ரத்தத்தாலும் உடல் நீர்களாலும் பரவுவது. பிள்ளைப்பேற்றின்போது தாயிடமிருந்து சேய்க்கும், கணவன் மனைவியரிடையேயும், ஒருவருக்குப் போட்ட ஊசியையே மற்றவருக்கும் போடுவதாலும், சவரக் கத்தியை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதாலும் அது தொற்றும். ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதால் தொற்றாது. கைகுலுக்குவதாலோ, குழந்தையை அணைத்துக் கொள்வதாலோ தொற்றாது. இதை அறியாமல் நோயுற்ற உறவினரை ஒதுக்கி வைப்போர் இன்றும் இருக்கிறார்கள், அது கொடுமை. ஆனால் ஊசியின் சுத்தத்தில் காட்டும் அலட்சியம் எவ்வளவு பெரிய தீங்கைச் செய்யும் என்பதற்கு, 2009-ல் குஜராத்தில் மோடாசாவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் பரவிய ஹெபடைடிஸ் பி நோயே சாட்சி. ஒருமுறை பயன்படுத்திய ஊசிகளைத் திரும்பவும் பயன்படுத்தியதே அதற்குக் காரணம் எனக் கண்டார்கள். பலர் மாண்டனர்.

இக்கிருமியிடம் விந்தையான குணம் ஒன்று உண்டு. வளர்ந்தவர் உடலில் புகுந்தால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் அதை வென்று வெளியேற்றிவிடுகிறார்கள். பிறக்கும்போதே புகுந்தாலோ, நூற்றில் ஏறத்தாழத் தொண்ணூறு குழந்தைகளிடம் அது நிலையாகத் தங்கிவிடுகிறது. தங்கிய கிருமி இருபது முப்பது ஆண்டுகள் எவ்வித அறிகுறியும் காட்டாமல் இருந்து, பிறகு கல்லீரலைச் சுருங்கச் செய்யலாம், புற்றுநோயாகவும் தலைகாட்டலாம். 2022-ஆம் ஆண்டில் உலகில் 25 கோடிக்கு மேற்பட்டோர் இக்கிருமியைத் தம் உடலில் சுமந்திருந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவ்வாண்டில் இறந்தோர் சுமார் 11 லட்சம். இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 3 கோடிப் பேர் அக்கணக்கில் அடங்குவர். ஆகவே ஊசியின் தலையாய வேலை, பிள்ளைப் பருவத்தில் கிருமி குடியேறாதபடி காப்பதே. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் மேலே வருவன யாவும் எளிதில் விளங்கும்.

காமாலை என்றதும் நம்மவர்க்குக் கீழாநெல்லி நினைவுக்கு வராமல் இராது. அதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிச் செல்வது நம் கடமை. 1988-ல் சென்னை ஆராய்ச்சியாளர் எஸ். பி. தியாகராஜனும் உடன் உழைத்தோரும், பி கிருமி நிலையாகத் தங்கியவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்ததை 'லான்செட்' என்னும் லண்டன் மருத்துவ ஏட்டில் வெளியிட்டார்கள். மூலிகை உண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது என்றது அக்கட்டுரை. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னர்ப் பிற இடங்களில் செய்த சோதனைகளில் அப்பயன் தென்படவில்லை. தானே தணியும் ஏ வகைக் காமாலையில் கீழாநெல்லி பெற்ற நற்பெயரைப் பி வகைக்கும் உரியதாக்கிவிடக் கூடாது என்பதே நம் கருத்து. மூலிகையின்மீது நமக்கு மதிப்பு உண்டு. அதை நம்பி ஊசியையும் சோதனையையும் கைவிடுவதுதான் ஆபத்து.

அக்கட்டுரையில் பெயர் சேர்த்துக்கொண்டவர்களுள் ஒருவர் பாரூக் பிளம்பர்க் என்னும் அமெரிக்கர். இக்கிருமியின் கதையே அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் ரத்தத்தில் தாம் கண்ட புதுவகைப் புரதத்தைப் பற்றி 1965-ல் அவரும் அவர் குழுவினரும் எழுதினார்கள். கல்லீரல் நோயோடு அதற்குள்ள தொடர்பு சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. 1976-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கிருமியின் மேலுறையான அப்புரதத்தை மட்டும் பிரித்தெடுத்து உடலில் செலுத்தினால் நோய் வராது, எதிர்ப்பு மட்டும் உண்டாகும் என்ற எண்ணத்தில் உருவான தடுப்பூசி அமெரிக்காவில் 1981-ல் அனுமதி பெற்றது. கிருமியைச் சுமந்தோரின் ரத்தத்திலிருந்து அது தயாரிக்கப்பட்டது. 1986 முதல், ஈஸ்ட் நுண்ணுயிரைக் கொண்டே அப்புரதத்தை உற்பத்தி செய்யும் முறை வந்தது. நம் நாட்டில் முதன்முதலாக அம்முறையில் ஊசி மருந்தை உருவாக்கி 1997-ல் வெளிக்கொணர்ந்தது ஹைதராபாத்திலுள்ள சாந்தா பயோடெக்னிக்ஸ். அதற்கு முன்பு வெளிநாட்டு மருந்தின் விலை நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டாக் கனியாகவே இருந்தது.

இனி நம் கேள்விக்கு வருவோம். ஊசி போட்டபின் உடலில் இரண்டு காரியங்கள் நடைபெறுகின்றன. ஒன்று, கிருமியின் மேலுறையைப் பற்றிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் உற்பத்தியாகிறது. கடைசி ஊசி போட்ட ஓரிரு மாதங்களில் அது உச்சத்தை அடைகிறது. ஒரு மில்லிலிட்டர் ரத்த நீரில் 10 மில்லி யூனிட் அல்லது அதற்கு மேல் இருந்தால் காப்பு உண்டு என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட அளவு. உச்சத்திலிருந்து அது முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் இறங்குகிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பலருக்கு 10-க்குக் கீழே போய்விடுகிறது. பிறந்தவுடன் போட்டுக்கொண்டவர்களிடம் இவ்விறக்கம் இன்னும் மிகுதி. சோதனைத் தாளில் நாம் காணும் எண் இதுவே.

இரண்டாவது காரியம் அத்தாளில் தெரிவதில்லை. ரத்தத்திலும் நிணநீர்ச் சுரப்பிகளிலும், அக்கிருமியின் உருவை நினைவில் வைத்திருக்கும் அணுக்கள் உண்டாகின்றன. எதிர்ப்பொருள் வற்றியபின்னும் இவை நெடுங்காலம் உயிரோடு காத்திருக்கின்றன. கல்யாண வீட்டுச் சமையற்காரரின் அண்டா காலியாக இருக்கிறது என்பதால் அவருக்குச் சமையல் மறந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. அடுப்பு மூட்டச் சொன்னால் சில நாழிகையில் பந்திக்கு வேண்டியதை இறக்கிவிடுவார். நினைவு அணுக்களும் அத்தகையவை. உண்மையான கிருமி ரத்தத்தில் தலைகாட்டியதும், அவை சில நாட்களில் பெருகி எதிர்ப்பொருளைப் பொழியத் தொடங்குகின்றன.

அதற்குள் கிருமி வென்றுவிடாதா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இங்கேதான் பி கிருமியின் மந்த குணம் நமக்குத் துணை செய்கிறது. உடலில் புகுந்து நோயாக வெளிப்பட அதற்கு ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை ஆகிறது. நினைவு அணுக்களுக்குத் தேவைப்படுவதோ சில நாட்களே. ரண ஜன்னி எனப்படும் டெட்டனஸ் நிலைமை வேறு. அதன் நஞ்சு விரைந்து நரம்பைப் பற்றிக்கொள்வதால், எதிர்ப்பொருள் எப்போதும் ரத்தத்தில் தயாராக இருந்தாக வேண்டும். அதனாலேயே பத்து வயதிலும் பதினாறு வயதிலும் அவ்வூசியைத் திரும்பப் போடுகிறார்கள். "அதற்கு மறு ஊசி உண்டு, இதற்கு ஏன் இல்லை?" என்னும் நியாயமான சந்தேகத்துக்கு இதுவே பதில்.

விளக்கம் அழகாக இருக்கிறது. கண்டறிந்த ஆதாரம் உண்டா எனில், உண்டு. வட துருவத்தை ஒட்டிய அலாஸ்காவில், இந்நோய் மிகுந்திருந்த பழங்குடி மக்களிடையே 1981-ல் 1,578 பேருக்கு ஊசி போட்டு, அவர்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஆறு மாதக் குழந்தை முதல் முதியோர் வரை அதில் இருந்தனர். முப்பது ஆண்டுகளுக்குப் பின் அவர்களில் 243 பேரைச் சோதித்தபோது 125 பேரிடம், அதாவது பாதிப் பேரிடம், எதிர்ப்பொருள் இன்னும் 10-க்குக் குறையாமல் இருந்தது. மற்றப் பாதியின் நிலை என்ன? குறைந்திருந்தவர்களில் 85 பேருக்கு ஒரே ஒரு மறு ஊசி போட்டுப் பார்த்தார்கள். முப்பது நாளில் 75 பேரிடம் எதிர்ப்பொருள் மீண்டும் எழுந்தது. உடல் மறக்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. ஆக, நூற்றுக்குத் தொண்ணூறு பேரேனும் முப்பது ஆண்டுகள் கழித்தும் காப்போடு இருந்தனர் என்று மதிப்பிட்டார்கள்.

பிறந்த குழந்தைகளுக்குப் போட்டதன் பயனை அறியத் தைவான் தீவுக்குச் செல்ல வேண்டும். கிருமி சுமந்த தாய்மார்களின் குழந்தைகளுக்கு 1984 ஜூலையிலும், பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் 1986 முதலும் அங்கே ஊசி போடலானார்கள். அதற்கு முன் அங்கே குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேரிடம் இக்கிருமி நிலைத்திருந்தது. இருபது ஆண்டுகளில் அது ஒன்றுக்கும் குறைவாயிற்று. ஆறு முதல் பதினான்கு வயதுவரை உள்ள பிள்ளைகளிடையே கல்லீரல் புற்றுநோய், லட்சத்துக்கு 0.70 ஆக 1981-86-ல் இருந்தது, 1990-94-ல் 0.36 ஆக இறங்கியது. ஊசியொன்றால் புற்றுநோய் குறைந்ததை மனிதகுலம் முதன்முதலில் கண்டது அங்கேதான் எனலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிறந்தபோது ஊசி போட்டுக்கொண்ட தைவான் இளைஞர்களைச் சோதித்தபோது, ஒரு மறு ஊசிக்கும் எதிர்ப்பொருள் எழாத சிலர் இருந்தார்கள். அதாவது நினைவும் சிலரிடம் மங்கக்கூடும். ஆயினும் அவர்கள் அபாயம் மிகுந்த பிள்ளைப் பருவத்தைக் கடந்துவிட்டவர்கள். இப்போது தொற்றினாலும் கிருமி நிலையாகத் தங்குவது அரிது. இவ்வூசி உலகில் நடமாடத் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகிறது. எண்பது வயதுவரை காக்குமா என்பதை எண்பது ஆண்டு கழிந்தால்தான் கண்ணால் காண முடியும். குறைந்தது இருபது ஆண்டுகள் காக்கும், பெரும்பாலும் ஆயுள் முழுதும் காக்கும். ஊசிகளை முழுமையாகப் போட்டுக்கொண்ட சாதாரண உடல்நலம் உள்ளோர்க்கு மறு ஊசி வேண்டியதில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. ஆகவே அலுவலகத்துக்கும் வகுப்புக்கும் சென்று வரும் நம் பிள்ளைகள் எதிர்ப்பொருளை அளந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. சோதனைச் சாலைகள் பல சோதனைகளை ஒரு கட்டாகக் கட்டி விற்கும் இந்நாளில் இதையும் அதில் சேர்த்துக்கொண்டு, குறைந்த எண்ணைக் கண்டு தூக்கம் இழப்பது காசு கொடுத்துக் கவலை வாங்குவதாகும்.

யாருக்குச் சோதனை உண்மையிலேயே தேவை? அன்றாடம் ரத்தத்தோடும் ஊசியோடும் பழகும் மருத்துவர், செவிலியர், சோதனைச் சாலைப் பணியாளர் ஆகியோர்க்குத் தேவை. கல்லூரி கேட்பது வீண் கெடுபிடியன்று. எண் 10-க்குக் கீழே இருந்தால் செய்ய வேண்டியது மிக எளிது. ஒரு ஊசி போட்டுக்கொண்டு, ஓரிரு மாதம் கழித்துத் திரும்பச் சோதிக்க வேண்டும். பெரும்பாலோர்க்கு எண் உயர்ந்திருக்கும். அதோடு விஷயம் முடிந்தது. பிற்காலத்தில் அது மீண்டும் இறங்கினாலும் கவலை இல்லை. உயராவிட்டால் இன்னும் இரண்டு ஊசிகளைப் போட்டு மறுபடி சோதிப்பார்கள். அப்போதும் உயராதவர் மிகச் சிலரே. அவர்களிடம் கிருமியே ஏற்கெனவே தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையெனில், ஊசி குத்திக் காயம்பட்டால் உடனே 'இம்யூனோகுளோபுலின்' என்னும் தயார்நிலை எதிர்ப்பொருளைப் பெற வேண்டியவர் தாம் என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். படிப்பில் சேரும் நாளுக்கு முந்தின வாரம் ஓடாமல், சில மாதங்கள் முன்பே சோதித்துக்கொண்டால் இவ்வளவுக்கும் அவகாசம் இருக்கும்.

சிறுநீரகம் பழுதுற்று ரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்வோர் ஆண்டுதோறும் சோதித்து, குறைந்தால் மறு ஊசி பெற வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள், புற்றுநோய் மருந்து உட்கொள்வோர் ஆகியோரும் தம் டாக்டரைக் கேட்க வேண்டும். கிருமி உள்ளவரை மணந்தவரும், கிருமி உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தையும் சோதனைக்கு உரியவர்களே. அத்தகைய குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசியோடு இம்யூனோகுளோபுலினையும் போட்டு, மற்ற ஊசிகளை முடித்து, ஒன்பது மாதம் நிறைந்தபின் ரத்தத்தைச் சோதிப்பது முறை.

அந்த 24 மணி நேரத்தைப் பற்றி நம் குடும்பங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு செல்கிறாள். முதல் ஊசி அங்கே பிரசவ ஆஸ்பத்திரியில். அடுத்தவை 6, 10, 14 வாரங்களில், ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசியாக வரும். மூன்றாம் மாதம் குழந்தையோடு ரயிலேறும்போது, பெரும்பாலும் ஒன்றிரண்டு ஊசி அங்கும் மற்றது இங்குமாகப் பிரிந்துவிடுகிறது. இதனால் கெடுதல் எதுவும் இல்லை. நாடு முழுவதும் சர்க்கார் அட்டவணை ஒன்றுதான். இடைவெளி நீண்டுவிட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தொல்லை எல்லாம் அட்டையில்தான். அது அங்கே பெட்டியிலேயே தங்கிவிடுகிறது. வந்தாலும், தமிழில் எழுதிய குறிப்பை இவ்வூர்ச் செவிலியர் படிக்க இயலாமல் போகலாம். புறப்படுமுன் ஊசியின் பெயரையும் தேதியையும் ஆங்கிலத்திலும் எழுதி வாங்கிக்கொண்டு, அட்டையைப் படமெடுத்தும் வைத்துக்கொள்வது நன்று.

பிறந்த ஆண்டையும் கவனிக்க வேண்டும். சர்க்கார் திட்டத்தில் இவ்வூசி முதலில் 2002-03-ல் சில நகரங்களிலும் மாவட்டங்களிலும் மட்டுமே தொடங்கிற்று. 2007-08-ல் தமிழ்நாடு உள்ளிட்ட பத்து மாநிலங்களுக்கு விரிந்தது. 2011-12-ல்தான் நாடு முழுவதையும் எட்டியது. ஐந்து நோய்க்கான கூட்டு ஊசியை 2011 டிசம்பரில் முதலில் ஏற்றவை தமிழ்நாடும் கேரளமும். எனவே அதற்கு முன் பிறந்த பிள்ளைகள், தனியார் டாக்டரிடம் காசு கொடுத்துப் போட்டிருந்தாலன்றி, இவ்வூசியைப் பெறாமலே இருந்திருக்கலாம். "எல்லா ஊசியும் போட்டாயிற்று" என்று தாய் சொல்வது அக்கால அட்டவணைப்படி முற்றிலும் உண்மை. ஆனால் அவ்வட்டவணையில் இது இருந்திராது. அட்டையில் பெயர் இல்லையென்றால், போடவில்லை என்றே கொண்டு மூன்று ஊசியையும் போட்டுக்கொள்ளலாம். முன்பே போட்டிருந்தாலும் மிகையால் தீங்கில்லை.

பெற்றோர் தலைமுறையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நம்மில் நாற்பது வயதைக் கடந்தோரில் பெரும்பாலோர் இவ்வூசியை அறியாதவர்கள். பிள்ளையின் எண்ணைப் பற்றிக் கவலைப்படும் தந்தை, தம் ரத்தத்தில் கிருமி உண்டா இல்லையா என்பதை ஒருநாளும் சோதித்திருக்க மாட்டார். 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் சர்க்கார் மருத்துவமனைகளில் இச்சோதனையும் சிகிச்சையும் இலவசம். கிருமி ஏற்கெனவே உள்ளவருக்கு ஊசியால் பயனில்லை. அவருக்கு வேண்டியது கண்காணிப்பும், தேவையானால் மாத்திரையும். இல்லாதவர் முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்ற கணக்கில் மூன்று ஊசிகளைப் போட்டுக்கொள்ள வேண்டும். மேற்கையில் போடச் சொல்லுங்கள். இடுப்பில் போட்டால் இவ்வூசியின் பலன் குறைகிறது.